முப்பாட்டனுக்கு ஆறு மாதம்

நாக்கில் வடையை மாட்டியது காமாக்ஷிதான். அதை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆகவே அதில் விசாரணை வேண்டாம். யாருடைய நாக்கு, எதற்காக வடை, அதனால் டெக்ஸஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் ஒரு தெருவே எப்படி அல்லோலகல்லோலப்பட்டது என்பதுதான் கதை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள், கண்ணுகளா. இது ஓடுகிறவரைப் பற்றிய கதை இல்லை, நின்றுகொண்டே இருக்கிற ஒருவரைப் பற்றியது. பதற்றப்பட ஒன்றுமில்லை.

காமாக்ஷியின் அடுத்த வீட்டில் ராவிரி என்று ஒருவன் இருந்தான். நியூசிலாந்துக்காரன். அந்தத் தீவுகளின் பூர்வகுடியான மாவோரி இனம். பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் சர்வர்கள் சூடாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏசி வேலை. சாயங்காலமானால் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு மரம் செதுக்க உட்கார்ந்துவிடுவான். மியூசியத்துக்கோ கண்காட்சிக்கோ இல்லை. கையில் அகப்பட்டதை எல்லாம் செதுக்குவான். அவன் வீட்டுத் தபால்பெட்டி நிற்கும் கட்டையில் இளம் பெரணிச் சுருள் சுற்றிச் சுற்றி ஏறும். ஆபீஸ் அடையாள அட்டையோடு சேர்ந்து கழுத்தில் ஆடுவது எலும்பில் செதுக்கிய தூண்டில் முள். காமாக்ஷியின் கணவர் வெங்கடாசலத்தின் கிரிக்கெட் மட்டை முதுகில் ஒரு சுறாவைச் செதுக்கிக் கொடுத்தான். அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெங்கடாசலம் முதல் பந்திலேயே அவுட்தான். ஆனால் எதிர் டீமே கூடி நின்று மட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. அந்த மரியாதை ரன் அடித்தவனுக்குக் கூடக் கிடைக்காது.

ராவிரி பேசுவது ஆங்கிலம்தான். காமாக்ஷியின் காதில் அது தமிழாகத்தான் விழும். நம் காதிலும் அப்படியே விழட்டும்.

ஐஸ் புயல் அடித்த வருஷம் அவன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பீகான் மரம் வேரோடு சாய்ந்தது. மற்றவர்களாக இருந்தால் ஆளைக் கூப்பிட்டு அள்ளிப் போடச் சொல்லியிருப்பார்கள். இவன் அந்த அடிமரத்தைக் கராஜுக்குள் உருட்டிவிட்டு, காரைத் தெருவில் நிறுத்தினான். மின்ரம்பத்தால் உடம்பு, உளியால் முகம். ஜூலையில் ஒரு நாள் நாலு பேரைக் கூட்டி வந்து, முன் புல்தரையில் தூக்கி நிறுத்தினான்.

காமாக்ஷி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தவள், கையிலிருந்த கரண்டியைக் கீழே விட்டாள்.

ஆளைவிட உயரமான தூண். தூண் முழுக்க ஓர் ஆள். முகத்தில் உழுத நிலம் மாதிரி வரி வரியாகக் கோடு. வயிற்றின் மேல் இரண்டு கை. கண்ணில் நீலமும் பச்சையுமாக மினுங்கும் சிப்பி. நாக்கு மட்டும் மோவாயைத் தாண்டி, மார்பை நோக்கி நீண்டு தொங்கியது. உடம்பு தெருவைப் பார்த்து நின்றாலும், கண் மட்டும் காமாக்ஷியின் ஜன்னலையே பார்ப்பது போல இருந்தது.

"ராவிரி தம்பி, இது என்ன சாமி?"

"சாமி இல்ல. என் முப்பாட்டன்."

"கும்பிட மாட்டீங்களா?"

"பேசுவோம். கோச்சுக்குவோம். காலைல எழுந்து குட் மார்னிங் சொல்லுவோம். கும்பிட மாட்டோம்."

காமாக்ஷிக்கு இது புரிந்தது. அவளுடைய மாமனார் உயிரோடு இருந்தவரை அவள் நடத்திய முறையும் கிட்டத்தட்ட இதுதான்.

பிறகு அவன் சொன்னதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். ராவிரியின் அம்மா மெரெயானாவுக்கு எண்பது வயது. மகன் டெக்ஸஸுக்கு வந்த நாளாகக் கூப்பிடுகிறான், அவள் வருவதில்லை. "யாரோ ஊரு, யாரோ மண்ணு. நம்ம ஆள் ஒருத்தர் வாசல்ல நின்னு உள்ள கூப்பிடாம நான் எப்படி நுழையறது?" என்பாளாம். சரி என்றுதான் இவன் முப்பாட்டனையே செதுக்கி வாசலில் நிறுத்திவிட்டான். படத்தைப் பார்த்த மறுநாளே அம்மா டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். ஆகஸ்டில் வருகிறாள். வந்த மறுநாள் விடியலில் சடங்கு. அதன் பிறகுதான் முப்பாட்டன் முறையாக அந்த வீட்டுக்காரர்.

"அவர் நிக்கலேன்னா?" என்று காமாக்ஷி வாய்க்கொழுப்பில் கேட்டாள்.

"ஏர்போர்ட்லேர்ந்தே திரும்பிடுவாங்க. எங்க அம்மாவை உங்களுக்குத் தெரியாது."

இந்த நிலையில்தான் ஆடி அமாவாசை வந்தது.

காமாக்ஷி வருஷா வருஷம் மாமனார் மாமியாருக்குப் படையல் போடுகிறவள். இலை போட்டு, வடை பாயசத்தோடு பரிமாறி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்கலாம். ரவுண்ட் ராக்கில் அவள் கூப்பிட்ட குரலுக்குக் காக்கை வந்ததில்லை. வருவது கிராக்கிள் என்கிற பறவை. கறுப்பு, நீள வால், துருப்பிடித்த கேட்டைத் திறந்தது போலக் குரல், கடைகளின் பார்க்கிங் லாட்டெல்லாம் அதன் ராஜ்யம். இது காக்கைக் கணக்கில் வருமா என்று கோவில் குருக்களிடம் முன்பே போன் போட்டுக் கேட்டிருந்தாள். "கறுப்பா இருக்கா? கூட்டமா வருதா? போதும்மா," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சோற்று உருண்டையோடு கொல்லைக் கதவைத் திறக்கப் போனவள், ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முப்பாட்டன் நின்றுகொண்டிருந்தார். ஆடி அமாவாசை, உச்சி வேளை, நூற்று மூன்று டிகிரி வெயில். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

காமாக்ஷிக்கு மனசு கேட்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இலை நிறையப் போட்டாயிற்று. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், கடல் தாண்டி வந்தவர், பசியில் நாக்கு வெளியே வந்து நிற்கிறார். அவருடைய பிள்ளை என்னடாவென்றால் சர்வருக்கு ஏசி போடப் போய்விட்டான். பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு இறங்குமா?

இன்னொரு இலை போட்டாள். சாதம், சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். முப்பாட்டன் காலடியில் வைத்து, தண்ணீர் சுற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். திறந்தபோது அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து எடுத்துச் சாப்பிட அவரால் முடியாதே என்று அப்போதுதான் தோன்றியது. மெதுவடைக்கு ஓட்டை இருக்கிறது. அவருக்கோ நாக்கு இருக்கிறது. அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்தியது.

திரும்பி வந்து திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, லாப்டாப்பைத் திறந்து ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தாள். வெளியே துருப்பிடித்த கேட்டுகள் நூறு ஒரே நேரத்தில் திறந்தன. "காமாக்ஷி, ஆர் யூ இன் எ ஃபாக்டரி?" என்று மானேஜர் கேட்டார்.

ராவிரி வேலை முடிந்து வந்தபோது, முப்பாட்டனின் தலையில், தோளில், கையில், இடமில்லாமல் கிராக்கிள். நாக்கில் பாதி தின்ற வடை.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் காமாக்ஷிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றினான். பறவைகளை மெல்ல விலக்கினான். வடையை இரண்டு விரலால் எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, இலையையும் சுருட்டிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்து போய்க் குப்பையில் சேர்த்துவிட்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் காமாக்ஷி வேலியோரம் ஓடி வந்தாள்.

"நான்தான் தம்பி வெச்சேன். இன்னிக்கு அமாவாசை. பசியோட நிக்கறாரேன்னு..."

"அவருக்குப் பசி இல்லக்கா. அந்த நாக்கு, 'தைரியம் இருந்தா கிட்ட வா'ன்னு எதிரிக்குக் காட்டற நாக்கு."

சண்டைக்குக் கூப்பிட்டவர் நாக்கில் வடை மாட்டிவிட்டோமே என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரியது பின்னால் வந்தது. முன்னோர் என்றால் அவர்கள் வழக்கப்படி தீண்டாமல் காக்க வேண்டிய புனிதம். அதிலும் தலை. சமைத்த சாப்பாடு பட்டால் அந்தப் புனிதம் இறங்கிவிடும். சோற்றை முன்னோர் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

"சாப்பாடு போடாம எப்படித் தம்பி மரியாதை பண்றது?"

"சாப்பாடு போடாம இருக்கறதுதான் மரியாதை."

ஐம்பது வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"அம்மாதான் தண்ணி தெளிச்சு, ஓதிச் சரி பண்ணணும். அவங்ககிட்ட நான் இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

சாயங்காலம் மகளுக்கு வீடியோ கால் போட்டு அழுதாள். டாலஸ் பக்கம் காலேஜில் படிக்கிற அனன்யா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "வெயிட், அம்மா. யூ புட் எ டோனட் ஆன் ஹிஸ் ஆன்செஸ்டர்?" என்றாள்.

"டோனட் இல்லடி, வடை!"

"தட்ஸ் நாட் பெட்டர்."

மனிதர்கள் மறந்துவிடுவார்கள். பறவை மறக்காது. மறுநாள் அதே உச்சி வேளைக்குக் கிராக்கிள் கூட்டம் பந்திக்கு வந்து உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. சோறு வரவில்லை என்றதும், எதிர்ச்சாரியில் நின்ற டெப்ராவின் வெள்ளைக் காரின் மேல் தங்கள் அதிருப்தியைத் தெரிவித்தன. டெப்ரா குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதினாள். ஹெச்.ஓ.ஏ. என்பார்கள் இங்கே. புல் எவ்வளவு உயரம் வளரலாம், கதவு என்ன கலரில் இருக்கலாம் என்பதிலெல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். பறவையைப் பார்க்க வந்தவர்கள் தூணைப் பார்த்துவிட்டார்கள். 'அனுமதி இல்லாத கட்டுமானம். வெள்ளிக்கிழமைக்குள் அகற்றவும்.'

வெள்ளிக்கிழமைதான் மெரெயானா வந்து இறங்குகிறாள்.

பார்த்தீர்களா, ஒரே ஒரு வடை.

சங்கத்துக்குப் பிரசிடெண்ட் பசுபதி. ஆபீசில் பெரிய மானேஜர், சங்கத்தில் பிரசிடெண்ட், வீட்டில் மட்டும் பிச்சுமணியின் பிள்ளை. பிச்சுமணி மாமா இந்தத் தடவை ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். காமாக்ஷி எதிர்ச்சாரியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் வழக்கம் போல வேஷ்டி கட்டிக்கொண்டு டிரைவ்வேயில் நின்று, போகிற வருகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்காத்துப் பக்கத்துல நிக்கறவரை எடுக்கச் சொல்லிட்டானாமே என் பிள்ளை?"

"அதுக்குத்தான் மாமா வந்திருக்கேன்."

பசுபதி டீ கொடுத்தான், பிஸ்கட் கொடுத்தான், வேறு எதுவும் கொடுக்கவில்லை. "ரூல்னா ரூல்தாங்க காமாக்ஷி. பெர்மனென்ட் ஸ்ட்ரக்சர்னா அப்ரூவல் வேணும். அப்ளை பண்ணினா மூணு மாசம் ஆகும். யார்ட் ஆர்ட், தோட்டத்துப் பொம்மைன்னு போட்டா மூணு அடிக்கு மேல கூடாது."

"டெப்ரா வீட்டுல அக்டோபர் பூரா பேய்ப் பண்டிகைக்குன்னு பன்னண்டடி எலும்புக்கூடு நிக்குதே?"

"அது ஹாலிடே டெக்கரேஷன். அலவ்டு. வேணும்னா ராவிரியை ஹாலோவீன் டெக்கரேஷன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, நான் சைன் பண்றேன்."

இவள் ஓடிப்போய் ராவிரியிடம் சொன்னாள். அவன் உளியைக் கீழே வைத்தான். "டெக்கரேஷன்னு எழுதிக் கொடுக்கறதுக்கு, நானே அவரைக் கழட்டிப் படுக்க வெச்சுட்டு, அம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடுவேன்க்கா," என்றான். அதில் கோபமே இல்லை. அதனால்தான் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை நீச்சல்குளத்துப் பக்கத்து ஹாலில் சங்கக் கூட்டம். ராவிரி இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். டெப்ரா தன் கார் படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பசுபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸோ, இந்த ஸ்ட்ரக்சரை..." என்று ஆரம்பித்தான்.

"அது ஸ்ட்ரக்சர் இல்ல," என்று காமாக்ஷி எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். வாசலோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிச்சுமணி நின்றிருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காராதவர். ஏசி ஹாலுக்குள் நின்றபடி, கண்ணாடிக் கதவு வழியே பார்க்கிங் லாட்டில் போகிற கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காமாக்ஷிக்குப் பொறி தட்டியது.

"அவர் ராவிரியோட முப்பாட்டன். வயசானவர். ஊர்லேர்ந்து வந்திருக்கார். வாசல்ல நின்னு தெருவைப் பாக்கறார். பசுபதி, இதுக்கு நீங்களே ஒரு ரூல் போட்டீங்களே?"

பசுபதியின் முகம் சுருங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தெருவில் புதிதாக வந்த ஒருத்தர், வேஷ்டி கட்டிய மனிதர் ஒருவர் நாள் பூரா தெருவையே முறைக்கிறார் என்று போலீசுக்குப் போன் செய்துவிட்டார். போலீஸ் வந்து பிச்சுமணியிடம் கை குலுக்கிவிட்டுப் போனது. பசுபதிக்கு அவமானம் தாங்கவில்லை. தெருவில் இருந்த இந்தியர், சீனர் எல்லோரையும் திரட்டி ஒரு விதி கொண்டுவந்தான்: குடியிருப்பவரின் குடும்பத்து மூத்தவர், அறுபது வயது கடந்தவர், தம் வீட்டு வாசலில் நின்று தெருவைப் பார்க்க உரிமை உடையவர், யாரும் ஆட்சேபிக்கக் கூடாது, ஒரு வருகைக்கு ஆறு மாதம். அப்பா அம்மா விசிட்டர் விசா ஆறு மாதம்தானே, அந்தக் கணக்கு. ஹாலில் இருந்த பாதிப் பேர் அதற்குக் கை தூக்கியவர்கள்.

"அது மனுஷங்களுக்கு," என்றான் பசுபதி.

"மனுஷன்னு ரூல்ல இருக்கா? குடும்பத்து மூத்தவர்னுதானே இருக்கு?"

பசுபதி விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். இல்லை. எழுதியவன் அவன்தான்.

"வயசு?" என்றான் தோற்ற குரலில்.

"இருநூறுக்குக் கிட்ட," என்றான் ராவிரி.

"அறுபது கடந்தாச்சு," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பேர்?"

ராவிரி எழுந்து நின்றான். முப்பாட்டன் பெயரைச் சொன்னான். அவருடைய அப்பா பெயரைச் சொன்னான். அவருக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போனான். மலை வந்தது, ஆறு வந்தது, கடைசியில் கடல் தாண்டி வந்த படகின் பெயரும் வந்தது. குரல் கணீரென்று இருந்தது. டெப்ரா கூட வாயைத் திறந்துகொண்டு கேட்டாள்.

"கோத்ரம் கேட்டா இப்படின்னா சொல்லணும்," என்றார் பிச்சுமணி. "என் பிள்ளைக்குத் தாத்தா பேரே தடுமாறும்."

"அப்பா, ப்ளீஸ். ஸோ, லாஸ்ட் நேம் என்னன்னு போட?"

"படகு பேரைப் போடுடா."

அதற்கப்புறம் ஆளாளுக்குக் கேள்வி. விசிட்டர் என்றால் விசிட்டருக்கு உண்டான நடைமுறை இருக்கிறதே. நீச்சல்குளத்தைப் பயன்படுத்துவாரா? கடல்தான் பழக்கம், குளத்துக்கு வர மாட்டார். வாக்கிங் போவாரா? இப்போதைக்கு இல்லை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? ராவிரியை.

"அலர்ஜி ஏதாவது?" என்று பசுபதி கேட்டான்.

ஹால் மொத்தமும் காமாக்ஷியைத் திரும்பிப் பார்த்தது.

"வடை," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

டெப்ரா கை தூக்கினாள். "அவர் நிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்ல. என் காருக்கு என்ன பதில்?"

"பறவைங்களை நான் பாத்துக்கறேன். அதுங்க என் விருந்தாளி. இனிமே என் வீட்டுக் கொல்லைல சோறு போடறேன், அங்க வந்துடும்," என்றாள் காமாக்ஷி. பக்கத்தில் வெங்கடாசலம், "நம்ம காரும் வெள்ளைதாண்டி," என்று முனகினார். அது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் பிச்சுமணி, "நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றார். "நான் தினம் நாலு மணிலேர்ந்து வாசல்ல நிக்கறேன். கார்ல போறவா கை ஆட்டுவா, போயிண்டே இருப்பா. வாக்கிங் போறவா 'எப்ப ஊருக்கு?'ன்னு கேப்பா. அவர் ஒருத்தர்தான் அவர் பாட்டுக்கு எதிர்ல நிக்கறார். எப்பப் போறேள்னு கேக்கறதில்லை. அவரையும் எடுத்துட்டா நான் யாரைப் பாத்துண்டு நிப்பேன்?"

பசுபதி அப்பாவைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தபடி முதல் கையை அவனே தூக்கினான்.

ஆக, முப்பாட்டனுக்கு ஆறு மாதம். எல்லா அப்பா அம்மாக்களுக்கும் கொடுக்கும் பச்சை நாடா போட்ட விசிட்டர் அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். "அவர் கழுத்துல மாட்டலாமா?" என்று பசுபதி பயந்து கேட்டான். ராவிரி தன் கழுத்து அட்டையைக் காட்டி, "நானும்தான் மாட்டிக்கிட்டிருக்கேன்," என்று சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்த முதல் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை மெரெயானா வந்தாள். ஒடிசலாக இருப்பாள் என்று காமாக்ஷி நினைத்திருந்தாள். அவளோ தேர் மாதிரி இருந்தாள். மோவாயில் பச்சைக் கோலம் போலக் குத்திய கோடுகள். காரிலிருந்து இறங்கி, வேலியோரமே நின்று முப்பாட்டனை நெடுநேரம் பார்த்தாள். பச்சை அட்டையைப் பார்த்தாள். பிறகு, தன் வீட்டு வாசல் தூணுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி நின்ற காமாக்ஷியைப் பார்த்தாள்.

"அம்மா, நான்தான்..."

அவள் கிட்டே வந்து காமாக்ஷியின் நெற்றியில் நெற்றியும் மூக்கில் மூக்கும் வைத்து அழுத்தினாள். அவர்கள் வணக்கம் அதுதான். காமாக்ஷியின் மூக்குக் கண்ணாடி கோணிக்கொண்டது.

"எத்தனை மாட்டின?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" என்று மெரெயானா முப்பாட்டனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய ஆளுக்கு?"

சிரிப்பதா அழுவதா என்று காமாக்ஷிக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

சடங்குக்கு முன்னால் மகன் வீட்டுக்குள் நுழைய மாட்டாள் என்பதால், அன்று ராத்திரி அவளுக்குப் படுக்கை காமாக்ஷி வீட்டில். மறுநாள் விடியலில் அந்தத் தெரு அதுவரை கேட்டிராத குரல் ஒன்று எழுந்தது. மெரெயானா கூவி அழைத்தாள். பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை, தூரத்தில் போகிறவரைத் திரும்பி வா என்று கூப்பிடுகிற குரல். டெப்ரா இரவு உடுப்போடு வாசலுக்கு வந்து நின்றாள். பிச்சுமணி குளித்து, விபூதி பூசி, டிரைவ்வேயில் தயாராக நின்றார். மெரெயானா மந்திரம் ஓதிக்கொண்டே தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து முப்பாட்டன் முகத்தில், தோளில், நாக்கில் தெளித்தாள். ராவிரி சின்னப் பையன் போலக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் அவள் நிமிர்ந்து, முப்பாட்டனைக் கடந்து, மகன் வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தாள்.

உள்ளே போனவள் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஓட்டை போட்ட அந்தப் பண்டம் எங்க?"

சடங்கு முடிந்தால் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டுமாம். சாப்பிட்டால்தான் சடங்கில் நின்றவர்கள் மறுபடி சாதாரண மனிதர்களாவார்கள். அதுவும் அவர்கள் வழக்கம்தான். காமாக்ஷி விடியலுக்கு முன்பே ஊறப்போட்டு அரைத்து, முப்பாட்டன் கண்ணுக்கு எட்டாமல் தன் வீட்டுக் கராஜில் அடுப்பு வைத்துக் காத்திருந்தாள். தெருவே அங்கே வந்து சாப்பிட்டது. மெரெயானா வடையைச் சட்னியில் முக்கிச் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "முப்பாட்டன் குடும்பம்தான், சந்தேகமில்லே," என்றார் பிச்சுமணி.

ஆறு மாதம் ஆறு நாள் போல ஓடிவிட்டது. மெரெயானா ஊர் திரும்பி, தினம் வீடியோவில் முப்பாட்டனை விசாரித்தாள். விதி விதிதான், ஆறு மாதம் முடிந்தால் விசிட்டர் குடியிருப்பின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டு வர வேண்டும். எத்தனை நாள் போக வேண்டும் என்று விதியில் இல்லை. பசுபதி அதை மறந்தானா, மறந்தது போல விட்டானா, நான் கேட்கவில்லை. வந்த அப்பா அம்மாவை ஊர் சுற்றிக் காட்டாமல் எந்தப் பிள்ளை அனுப்புவான்? முப்பாட்டனைக் கடலுக்கு அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. கால்வெஸ்டன். பிச்சுமணிக்கும் அதே வாரம் விசா முடிகிறது, அவரும் கிளம்பினார்.

முன்னால் ராவிரியின் டிரக். அதில் கம்பளி விரித்து, வானம் பார்த்தபடி முப்பாட்டன். பின்னால் வெங்கடாசலத்தின் காரில் புளியோதரை, தயிர்சாதம், வடை. சோறும் அவரும் ஒரே வண்டியில் போகக் கூடாதே. ஃப்ரீவேயில் டிரக் கொஞ்சம் மெதுவாகப் போனதும் வெங்கடாசலம் இண்டிகேட்டர் போட்டார்.

"என்னங்க! சோறு முப்பாட்டனை முந்தக் கூடாது!"

"இந்த ஸ்பீடுல போனா சாதம் ஊசிடும் காமு."

"ஊசட்டும். முந்தாதீங்க."

நடுவில் ஒரு போலீஸ்காரர் டிரக்கை நிறுத்தினார். கம்பளியை விலக்கினார். சிப்பிக் கண், நீண்ட நாக்கு, பச்சை அட்டை. அட்டையை நிதானமாகப் படித்தார். "என்ஜாய் யுவர் விசிட், சார்," என்று முப்பாட்டனிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெக்ஸஸில் பெரியவர்களுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

கடற்கரையில் மணலைத் தோண்டி, நாலு பேரும் சேர்ந்து அவரை நிமிர்த்தி நிறுத்தினார்கள். பிப்ரவரிக் காற்று அறைந்தது. முப்பாட்டன் கடலைப் பார்த்து நாக்கை நீட்டினார். அலை வந்து, கொஞ்சம் யோசித்து, பின்வாங்கியது.

காமாக்ஷி சோற்றுப் பாத்திரங்களோடு தூரத்து மணல்மேட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது, பிச்சுமணி முப்பாட்டனுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்தார்கள். காற்று அவர் பேச்சைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"நீர் ராத்திரியே ஆத்துக்குப் போயிடுவீர். நான் திரும்பி வர ஆறு மாசமாகும். எதிர் வாசல் காலியா இருக்கேன்னு நெனச்சுக்காதேயும். வந்துடுவேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பதில் வரும் வரைக்கும் நின்றாரோ என்னவோ. பிறகு வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்து, கையைக் கழுவிவிட்டுத் தட்டை நீட்டினார்.

காமாக்ஷி பரிமாறுவதற்கு முன்னால் ஒரு உருண்டைச் சோற்றை எடுத்து, முப்பாட்டனுக்கு எதிர்ப்பக்கமாக, தூரமாகக் கொண்டுபோய் வைத்தாள். வெள்ளை வெளேரென்று கடற்பறவைகள் இறங்கின.

"இதுங்க கறுப்பில்லையே காமு, கணக்குல வருமா?" என்றார் வெங்கடாசலம்.

"கூட்டமா வருதுல்ல," என்றாள் காமாக்ஷி. "போதும். நீங்க உக்காருங்க."